பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் கடிதங்களை அச்சுக்குக் கொடுக்கும் மகனுக்கு

ராஜா,

நீ தபாலில் அனுப்பிய மாதிரிப் புத்தகம் வந்து சேர்ந்தது. "முதல் பிரதி உனக்குத்தான் அம்மா" என்று அட்டையின் உள்பக்கத்தில் எழுதியிருந்தாய். வழவழவென்று காகிதம், பக்கத்துக்கு ஒரு பிள்ளையின் படம், படத்துக்குக் கீழே அந்தப் பிள்ளை தன் கையால் எழுதிய கிறிஸ்துமஸ் கடிதம். என் மகன் ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற ஆபீஸில் மேனேஜராகி முதன்முதலாகப் போடுகிற புத்தகம் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டத்தான் எடுத்துக்கொண்டு எழுந்தேன். வாசல்படி தாண்டுவதற்குள் ஒரு பக்கம் படித்துவிட்டேன். புத்தகத்தைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கத் தோன்றவில்லை.

கடிதம் என்றால் நலம் விசாரித்துத்தான் ஆரம்பிப்பேன், இன்றைக்கு அது எழுத வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோது வாயால் சொல்லிப் பார்த்தேன். நீ சிரித்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டாய். நீ சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் அச்சகத்தில் ஓட்ட ஆரம்பிப்பார்கள் என்று சொன்னாயே, அந்தக் கையெழுத்துக்கு முன்னால் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நீ கேட்பாய் என்கிற நம்பிக்கை எனக்குக் கொஞ்சமும் இல்லை. கெட்டது செய்கிறவனிடம் சண்டை போடலாம். நல்லது செய்கிறோம் என்று முகமெல்லாம் வெளிச்சமாக நிற்கிறவர்களை என்ன சொல்லித் தடுப்பது என்று எனக்கு இந்த வயது வரைக்கும் தெரியவில்லை. இருந்தாலும் எழுதாமல் இருந்தால் தூக்கம் வராது, அதனால் எழுதுகிறேன்.

இதை நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்க வேண்டும் என்று இல்லை. உன் கமிட்டிப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டு. உன்னைப் போல் பிள்ளைகளிடம் கடிதம் எழுதி வாங்குகிற மற்ற ஊர்க்காரர்களுக்கும் கொடு. அதற்காகத்தான், உன்னைச் செல்லமாக ராஜா என்று கூப்பிடுவதைத் தவிர, இதில் ஒருவர் பெயரையும் நான் போடவில்லை. நம் வீட்டுக் கதையைச் சொல்வதற்கு உன் தங்கையிடம் கேட்டேன். ஷூ கம்பெனியிலிருந்து வந்து பசை ஒட்டிய விரல்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தவள், நிமிராமலே, "எழுதிக்கோம்மா. எம் பேரு வேணாம், தெரு பேரு வேணாம்" என்றாள். ஆம்பூர் என்று போடலாமா என்றேன். "அது பெரிய ஊருதானே, போட்டுக்கோ" என்றாள். நீ அந்தப் பிள்ளைகளில் யாரிடமாவது இப்படி ஒரு வார்த்தை கேட்டாயா?

எமர்ஜென்சி வருவதற்கு முந்தின கிறிஸ்துமஸ் உனக்கு நினைவிருக்கும். மறந்துவிட்டேன் என்று நீ சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். அப்போது உன் அப்பா டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு இழுத்து எடுக்கிற வேலை. எல்லோருக்கும் அதில் கை எரியும், வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு முனகுவார்கள். உன் அப்பா மட்டும் முனகியதில்லை. திடமான மனுஷன் என்று எனக்குப் பெருமைகூட இருந்தது. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவரின் இடது உள்ளங்கையைப் பார்த்தேன், ஓரமெல்லாம் வெந்து தோல் உரிந்து கிடந்தது. "வலிக்கலயா?" என்றேன். குனிந்து பார்த்துவிட்டு, "இது எப்ப ஆச்சு?" என்று என்னைக் கேட்டார். மறு வாரம் வேலூருக்குப் போனோம். குஷ்டரோகம் என்றார்கள். ஆரம்ப நிலைதான், மாத்திரை சாப்பிட்டால் போய்விடும், மற்றவர்களுக்கு ஒட்டாது, பிள்ளைகளோடு தாராளமாக இருக்கலாம் என்று அந்த டாக்டரம்மா உன் அப்பாவின் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்கள். உன் அப்பா அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் மாசாமாசம் முதுகுவலிக்கு மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வேலூர் போய் வந்தார். டேனரி மேஸ்திரி பாய்க்கு மட்டும் விஷயம் தெரியும், அவர் வாயைத் திறக்கவில்லை. உனக்குத் தெரியும், நீ பெரிய பையன். உன் தங்கைக்குச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தோம். அவள் வேலூரில் பெண்பிள்ளைகள் ஹாஸ்டலில் தங்கி நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்த இடத்தில் அரிசிப் பானைக்குள் மாத்திரையைப் பார்த்துவிட்டாள். குடைந்து குடைந்து கேட்டாள். சொல்லிவிட்டு, "யார் கிட்டயும் சொல்லக் கூடாது. மூச்சு விட்டேன்னா அப்பாவுக்கு வேலை போய்டும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவள் அந்தச் சத்தியத்தை மீறவே இல்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

ஹாஸ்டலில் வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால், படிப்புச் செலவுக்குப் பணம் அனுப்புகிற வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிள்ளைகள் கடிதம் எழுத வேண்டும். நீ இப்போது எழுதி வாங்குகிறாயே, அதே கடிதம்தான். வார்டனம்மா கரும்பலகையில் மாதிரி எழுதிப் போடுவார்கள். என் பெயர் இது, என் அப்பா இன்ன வேலை, என் வீடு இன்ன இடம். கடைசியில் ஒரு வரி, "எனக்காக ஜெபிக்க வேண்டிய காரியம்." அதற்குப் பக்கத்தில் இடம் விட்டிருப்பார்கள், அதை மட்டும் அவரவர் மனதிலிருந்து எழுத வேண்டும். சபையில் வளர்ந்த பிள்ளைக்கு ஜெபக் குறிப்பு என்றால் என்ன? அது மனுஷருக்குச் சொல்வது இல்லை. எத்தனை பேர் காதில் விழுந்தாலும் அது ஆண்டவருக்குச் சொல்வது. நம் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான். பெண்கள் சங்கத்தில் நாங்களே, வாயால் சொல்லக் கூசுகிற சங்கதியை எல்லாம், ஜெபிச்சுக்கோங்க அக்கா என்று ஒரு வார்த்தை முன்னால் போட்டு ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் எங்கிருந்து தெரியும்?

அவள் எழுதினாள். அதன் ஒவ்வொரு எழுத்தும் எனக்கு மனப்பாடம். "என் அப்பாவுக்குக் கையில் வலி தெரியாது. சுண்ணாம்பில் வெந்துபோனாலும் தெரியாது. குஷ்டரோக ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிடுகிறார். யாருக்கும் தெரியக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் இயேசப்பாவிடம் மட்டும் சொல்லுங்கள்."

வார்டனம்மா அதைப் படித்து அழுதார்களாம். நல்ல மனசுக்காரி, பிள்ளைகளுக்குப் பேன் பார்த்து விடுகிறவர்கள். இந்தக் கடிதம் கல்லையும் கரைக்கும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஹாஸ்டலுக்குப் புதுக் கட்டடம் கட்ட மாவட்டத்துச் சபைகளில் எல்லாம் காணிக்கை எடுக்க இருந்தார்கள். அதற்காக அடித்த கிறிஸ்துமஸ் மலரில் முதல் பக்கத்தில் அதைப் போட்டார்கள். பெயர், அப்பா பெயர், ஆம்பூர், தெரு, ரெட்டைப் பின்னலோடு ஒரு படம். "இயேசப்பாவிடம் மட்டும் சொல்லுங்கள்" என்கிற வரியைப் பெரிய எழுத்தில் தலைப்பாகப் போட்டிருந்தார்கள்.

அந்த மலரைக் கோயில் வாசலில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்து, பிள்ளையின் படத்தைப் பார்த்துப் பூரித்துப்போய், பக்கத்திலிருந்தவளுக்கும் விரலால் காட்டினேன். அவள் என்னைவிட வேகமாகப் படிப்பவள். மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டு மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் நான் கீழே படித்தேன். சுற்றிலும் பக்கம் புரட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். உன் அப்பா கண்ணாடி கொண்டுவரவில்லை, நீதான் அவருக்கு முணுமுணுத்து வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாய். பாதியில் நீ நிறுத்தியது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.

எழுந்து போயிருக்கலாம். அன்றைக்குத் திருவிருந்து ஞாயிறு. இத்தனை நாள் போனவர் இன்றைக்குப் போகாமல் இருந்தால் எழுதியிருப்பது உண்மை என்று ஆகிவிடும் என நினைத்தாரோ, வேறு என்ன நினைத்தாரோ, உன் அப்பா வரிசையில் போய் முழங்கால் போட்டார். அவருக்கு இடதுபக்கம் முழங்கால் போட்டவர், ஏதோ மறந்துவிட்டவர் போல எழுந்து போய்விட்டார். வலதுபக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். திராட்சரசம் ஒரே பாத்திரத்தில்தானே எல்லோர் வாய்க்கும் போகிறது. ஆயர் பாத்திரத்தோடு வந்தவர் உன் அப்பாவுக்கு முன்னால் ஒரு கணம் நின்று, அவரைத் தாண்டிப் போய் மற்ற எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டு, கடைசியாகத் திரும்பி வந்து கொடுத்தார். மீதியை ஆயர்தான் குடித்துத் தீர்க்க வேண்டும் என்பது முறை. அவர் அந்தப் பாத்திரத்தைப் பார்த்தபடி நின்ற நேரம் எனக்கு இன்னும் முடியவில்லை. அப்புறம் குடித்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அந்தக் கோயிலில் அன்றைக்கு அந்த அளவுக்காவது வந்தவர் அவர் ஒருவர்தான்.

மற்றதெல்லாம் வரிசையாக வந்தது. மேஸ்திரி பாய் வீட்டுக்கே வந்து வாசலில் நின்றார். "அண்ணே, எனக்கு இதுல ஒரு பேஜாரும் இல்ல, நீ என் தோஸ்த். ஆளுங்க இருக்காங்க பாரு, நீ தொட்ட தொட்டியில கை வைக்க மாட்டேன்றாங்க. மொதலாளி காது வரைக்கும் போய்ட்ச்சு. கொஞ்ச நாளைக்கு வராத" என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. வீட்டுக்காரம்மா வேறு வீடு பார்க்கச் சொன்னார்கள். "உங்க மேல எனக்குப் பாவமாத்தான் இருக்குது. இன்னா பண்றது, நாலு புள்ளைங்க பொழங்கற எடம்" என்றார்கள். ஹாஸ்டலில் மற்றப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் போய் நின்று சண்டை போட்டதும், அதே வார்டனம்மா உன் தங்கையை டிரங்குப் பெட்டியோடு கூட்டிவந்து விட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்துவிட்டுப் போனார்கள்.

உன் தங்கை பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள், "நான் யார் கிட்டயும் சொல்லலம்மா. இயேசப்பாவுக்குத்தாம்மா எழுதினேன்." உன் அப்பா அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளைத் தொடவும் இல்லை. தொட்டால் பிள்ளைக்கும் இருக்கிறது என்று ஊர் சொல்லிவிடும் என்பது அவர் பயம். கோபத்தில்தான் அப்பா தள்ளி உட்காருகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் நம்பவில்லை, இன்றைக்கு வரைக்கும் நம்பவில்லை.

பொங்கல் கழிந்து அவர் ஆஸ்பத்திரிப் பக்கத்திலேயே நெசவுக் கொட்டகையில் வேலை பார்த்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார். சில வருஷத்தில் நோய் முழுக்கப் போய்விட்டது என்று டாக்டரம்மாவே எழுதிக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு கூப்பிடப் போனேன். தறியை விட்டு எழுந்திருக்காமலே பேசினார். "நான் அங்க வந்தா எல்லாம் ஆரம்பத்துலேர்ந்து பேசுவாங்க. பையன் காலேஜுல அப்பா இல்லன்னு சொல்லிகினு இருக்கான், நல்லாதான் இருக்கான். பொண்ணுக்கும் நாளைக்கு ஒருத்தன் வரணும். விடு." நான் விடவில்லை, அழுதேன், சண்டை போட்டேன். "போய்ட்டு வா, பஸ் போய்டும்" என்றார். அங்கேயே இருந்து அங்கேயே போய்ச் சேர்ந்தார். அவர் அடக்கத்துக்கு நீ வந்து ஓரமாக நின்றது எனக்குத் தெரியும். உன் தங்கைக்கு ஒருத்தனும் வரவில்லை. அந்த மலர் யார் வீட்டுப் பரணிலாவது இன்னும் இருக்கிறது போலிருக்கிறது, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. அவளுக்குக் காய்ச்சல் என்றாலும் நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அவளாகச் சொல்ல மாட்டாள். ஜெபக் குறிப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவாள்.

அப்பா உயிரோடு இருக்கும்போதே நீ அவர் இல்லை என்று சொல்லிக்கொண்டதற்காக நான் ஒரு நாளும் உன்னைக் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. நீ செய்தது சரிதான். உன்னைப் பற்றி எதை வெளியே விடுவது, எதை உள்ளே வைப்பது என்று தெரிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றிக்கொண்டாய். அதனால்தான் படிப்பை முடித்தாய், அதனால்தான் இன்றைக்கு அந்த நாற்காலி. அப்படி மறைத்து வாழத் தெரிந்த என் மகன், மறைக்கத் தெரியாத பிள்ளைகளுடையதை எல்லாம் எடுத்து வழவழ காகிதத்தில் போடுகிறானே என்றுதான் என்னால் தாங்க முடியவில்லை.

இதைச் சொன்னதற்கு ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாய்? சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, அது அந்தக் காலம். இந்தப் புத்தகத்துல எந்த வியாதியும் கிடையாது. ஆட்டுக்குட்டி, புதுத் துணி, ஸ்கூல், இவ்ளோதான். நல்லாப் படிச்சுப் பாரு" என்றாய். "ஊர் பேர எடுத்துட்டா இன்னா?" என்று நான் கேட்டதற்கு, "ஊரும் பேரும் இல்லன்னா நாங்களே கதை கட்டி எழுதறோம்னு சொல்லுவாங்க. மொகம் பாத்தாதாம்மா குடுக்கறவங்களுக்கு மனசு வரும்" என்றாய். உன் தங்கை தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். நீ அதைக் கவனித்த மாதிரிகூடத் தெரியவில்லை.

பிள்ளைகள் கடிதம் எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுக்கிறவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டியதுதான், பண்டிகை வாழ்த்து சொல்ல வேண்டியதுதான். மழை பெய்ததை எழுதட்டும், என்ன பாட்டு கற்றுக்கொண்டார்கள் என்று எழுதட்டும், ஒரு பூ வரைந்து அனுப்பட்டும். பெயருக்கு ஒரு எழுத்து போதும். ஊர் எதற்கு? அப்பா பெயர் எதற்கு? வீட்டில் யார் எப்போது இருப்பார்கள், யார் இருக்க மாட்டார்கள் என்பது கடல் தாண்டி இருக்கிற ஒருவருக்கு எதற்கு? ஜெபக் குறிப்பை எழுதி வாங்காதே, அப்படியே ஒரு பிள்ளை எழுதிவிட்டால் அதை நீ படித்து நீ ஜெபித்துவிட்டுக் கிழித்துப் போடு. பிள்ளையைக் கேட்டேன், சரி என்றது என்று சொல்லாதே. நோட்டும் யூனிபாரமும் கொடுக்கிறவர் எதைக் கேட்டாலும் பிள்ளை சரி என்றுதான் சொல்லும். அதன் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அச்சில் வரப்போவதை முழுக்க வாசித்துக் காட்டு. இவ்வளவும் எழுதும்போதே உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிகிறது. அம்மாவுக்குப் பழைய புண், அது பேசுகிறது என்று நினைப்பாய்.

அப்படி நினைத்துவிடுவாய் என்று தெரிந்துதான், நீ சொன்ன மாதிரியே நன்றாகப் படித்துப் பார்த்தேன். புத்தகத்தின் நடுவில், கணியம்பாடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள், மூன்றாம் வகுப்பு. யார் என்று உனக்குத் தெரியும். வியாதி இல்லை, அழுகை இல்லை, அவ்வளவு சந்தோஷமான கடிதம். படிப்புக்குப் பணம் அனுப்புகிற வெளிநாட்டு அத்தைக்கு இப்படி எழுதியிருக்கிறாள்: "தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் நீலக் கதவு போட்ட வீடு எங்களுடையது. ஆட்டுக்குட்டிக்கு ராணி என்று பெயர் வைத்திருக்கிறேன். அப்பா பெங்களூரில் கட்டட வேலை, பண்டிகைக்குத்தான் வருவார். அம்மா கரும்பு வெட்டப் போய் இருட்டிய பிறகு வருவார்கள், அதுவரைக்கும் நான்தான் தம்பியைப் பார்த்துக்கொள்வேன். அத்தை, நீங்கள் ஒரு நாள் என்னைப் பார்க்க வருவீர்கள் என்று காத்துக்கொண்டிருக்கிறேன்." இதில் என்ன இருக்கிறது என்றுதானே கேட்பாய்?

நீ வந்துபோன பிறகு வந்த சனிக்கிழமை நான் அந்த ஊருக்குப் போனேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளையைப் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து விட்டு, அவள் அம்மா வயலிலிருந்து வரும் வரைக்கும் கூடவே இருந்துவிட்டுத்தான் திரும்பினேன். நடந்ததை எல்லாம் அந்த அம்மாவிடம் சொன்னேன். அவள் கைகூப்பி, "எங்களுக்கு நல்லதுதாம்மா பண்றாங்க, கேட்டத எழுதிக் குடுன்னு நான்தான் சொல்லியிருக்கேன்" என்றாள்.

என் முழங்கால் எப்படி என்று உனக்குத் தெரியும். கண்ணும் சரியில்லை. அந்த ஊரில் எனக்கு ஒருத்தரையும் தெரியாது. உன் புத்தகம் மட்டும்தான் கையில் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, தண்ணீர் டேங்கு எங்கே என்று டீக்கடையில் கேட்டேன், கையைக் காட்டினார்கள். நீலக் கதவு தானாகத் தெரிந்தது. உள்ளே தம்பி பாயில் தூங்கிக்கொண்டிருந்தான், இவள் வாசலில் ஆட்டுக்குட்டிக்குத் தழை கொடுத்துக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நிமிர்ந்து, யாரோ என்று பார்த்தாள். "ராணி நல்லா சாப்டறாளா?" என்றேன். அவ்வளவுதான் ராஜா. அந்த முகத்தில் இருந்த சந்தேகம் அந்த நொடியே போய்விட்டது.

"ஒங்களுக்கு எப்டித் தெரியும்? ஃபாரின் அத்தை அனுப்பினாங்களா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பஸ் ஸ்டாப் வரைக்கும் எங்கூட வர்றியா?" என்றேன். உள்ளே ஓடினாள். முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டு, பண்டிகைக்கு நீங்கள் கொடுத்த பாவாடையை மாற்றிக்கொண்டு வந்தாள். தம்பி என்று கேட்டேன். "தூங்கறான், எழுந்திரிக்க மாட்டான்" என்று சொல்லி அவளே கதவை இழுத்து வெளியில் தாழ் போட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். எதிரில் வந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். அத்தை வீட்டில் நாய் உண்டா, பனி உண்டா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரும் நீ யாரம்மா, பிள்ளையை எங்கே கூட்டிப் போகிறாய் என்று என்னைக் கேட்கவில்லை. கேட்பார்கள், கேட்பார்கள் என்று நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன்.

வேலூர் பஸ் வந்து நின்றது. கையை உருவிக்கொண்டு, போய்ட்டு வா கண்ணு என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எனக்கு முன்னால் படியில் காலை வைத்துவிட்டாள். அத்தையிடம்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டாள். "ஆயா, சீக்கிரம்! மொதல்ல பேத்திய ஏத்து" என்று சொல்லிக்கொண்டே கண்டக்டர் குனிந்து, அவள் இரண்டு கையையும் பிடித்து உள்ளே தூக்கிவிட்டார்.

அம்மா